மறுப்பு விழாவுக்கு அசல் பொடி

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்பார்கள். இரண்டையும் ஒரே கை செய்தால்தான் அது கயமை. இரண்டு பிரிவுகள் பங்கு போட்டுச் செய்தால் அதற்குப் பெயர் நிர்வாகம்.

அந்தக் கட்டடத்தில் இரண்டு பிரிவும் ஒரே தாழ்வாரத்தில்தான் இருந்தன. இடப்பக்கம் தண்டனைப் பிரிவு, வலப்பக்கம் மறுவாழ்வுப் பிரிவு, நடுவில் இயக்குநரின் அறை. அறைக்கு இரண்டு கதவு. உள்ளே ஒரே இயக்குநர், ஒரே சுழல் நாற்காலி. இடப்பக்கக் கதவு திறந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் புருவத்தை நெரிப்பார். வலப்பக்கக் கதவு திறந்தால் இந்தப் பக்கம் திரும்பிப் புன்னகைப்பார். நாற்காலிக்கு யாரும் எண்ணெய் போட்டதில்லை. அவர் திரும்பும்போதெல்லாம் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே அடைபட்டவர்கள் அந்தச் சத்தத்துக்குக் 'கொள்கை மாற்றம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மெக்கானிக் அங்கே வந்தபோது அது வெறும் சிறைச்சாலை. லிப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஒருநாள் லிப்ட் குழிக்குள் மல்லாக்க விழுந்து முதுகை ஒடித்துக்கொண்டார். டாக்டர் வலிக்கு மாத்திரை கொடுத்தார். பிறகு டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார், வலி நிற்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருவன் "இதைப் போட்டுப் பாரு" என்று ஒரு சிட்டிகை போதைப் பொடி கொடுத்தான். வலி போனது. வலியோடு வேலை போனது, வேலையோடு வீட்டிலிருந்த தையல் மெஷின் போனது, கடைசியில் மெக்கானிக்கே போனார், கைவிலங்கோடு.

உள்ளே போன புதிதில், சிமெண்டுத் தரையில் ஒற்றைப் போர்வைக்குள் சுருண்டு, நடுங்கி, வாந்தியெடுத்து, சுவரில் தலையை முட்டி, தானாகவே பொடியை விட்டார். யாரும் உதவவில்லை. அப்போது அதற்குச் சிகிச்சை என்று பெயர் இல்லாததால் யாரும் வந்து கெடுக்கவும் இல்லை.

தண்டனை முடிய ஒரு வாரம் இருந்தபோதுதான் சட்டம் மாறியது.

எல்லோரையும் முற்றத்தில் நிற்கவைத்து இயக்குநர் பேசினார். கழிப்பறைக்கு வழி சொல்வதைக்கூட மேடையில் நின்று முழங்குவதுபோல்தான் சொல்வார். மேடையே கிடைத்தால் விடுவாரா?

"அன்பர்களே! இதுவரை உங்களை 'டேய்' என்றோம். இனி 'அன்பர்களே' என்போம். இன்று முதல் நீங்கள் குற்றவாளிகள் அல்ல, நோயாளிகள்! உங்களை அடித்த அதே கைகள்தான் இனி உங்களை அரவணைக்கப் போகின்றன. ஒருவரைக்கூட மாற்றவில்லை. இத்தனை ஆண்டு அனுபவம் வீணாகலாமா? உங்கள் தண்டனைகள் அனைத்தும் இந்த நிமிடத்தோடு ரத்து!"

கைதட்டல் காதைப் பிளந்தது. மெக்கானிக்கும் தட்டினார். தட்டி முடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

"ஐயா, அப்ப நான் அடுத்த வாரம் போகலாங்களா?"

"எங்கே?"

"வீட்டுக்குத்தான். என் தண்டனை முடியுதே."

"தண்டனையே இல்லை என்கிறேன். இல்லாத ஒன்று எப்படி முடியும்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்றவர்களும் சொறிந்தார்கள்.

"நோயாளி எப்போது வீட்டுக்குப் போவார்? குணமானதும் போவார்," என்று இயக்குநர் கனிவாக விளக்கினார். "அவசரமே இல்லை. நாங்கள் உங்களை ஒருபோதும் கைவிட மாட்டோம்."

பழைய கள்ளுக்குப் புது மொந்தை வந்தது. காவலர்கள் காக்கிக்கு மேலே வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டார்கள். கோட்டு முழங்காலுக்கு மேலேயே நின்றுவிட்டதால் கீழே காக்கி எட்டிப் பார்த்தது. கொட்டடிக்கு ஓய்வறை என்று பெயர். தடிக்கு ஊன்றுகோல் என்று பெயர். பூட்டு மட்டும் பூட்டாகவே இருந்தது. அதற்கு ஏற்ற சொல் இன்னும் கிடைக்கவில்லை, ஒரு குழு கூடி யோசித்துக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

பார்வையாளர் நாளில் மெக்கானிக்கின் மனைவி வந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறாள். வேனுக்கு ஸ்டார்ட்டர் கெட்டுக் கிடந்தது. ஒருமுறை நிறுத்தினால் நாலு பேர் தள்ளினால்தான் மறுபடி கிளம்பும். அதனால் கேட்டுக்கு வெளியே இன்ஜினை ஓடவிட்டு, மகளை உள்ளே உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த உறுமலில் பார்வையாளர் அறைக் கண்ணாடி லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இந்த வாரம் வந்துடுவேன்னீங்க?"

"தண்டனை ரத்தாயிடுச்சும்மா."

"நல்லதாப் போச்சு. கிளம்புங்க."

"ரத்தானதாலதான் வர முடியல."

அவள் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து அவர் கண்ணையே உற்றுப் பார்த்தாள். "மறுபடி போட்டீங்களா?"

"ஐயோ, இல்லம்மா. சத்தியமா இல்ல."

"பின்ன ஏன் இப்படி உளர்றீங்க?"

அவர் விளக்கினார். விளக்க விளக்க அவருக்கே உளறல் மாதிரிதான் இருந்தது. அவள் முழுக்கக் கேட்டு முடித்தாள்.

"இதோ பாருங்க. எத்தனை வருஷம் ஆனாலும் நான் காத்துக்கிட்டிருப்பேன். பல்லெல்லாம் கொட்டினாலும் இந்த ஓட்டை வண்டியை ஓட்டிக்கிட்டு வருவேன். ஆனா அந்தக் கருமத்தை மறுபடி நாக்குல வெச்சீங்கன்னு தெரிஞ்சுது, வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல என்ன சொல்லி வெச்சிருக்கா தெரியுமா? 'எங்கப்பா லிப்ட்டுல மாட்டிக்கிட்டாரு'ன்னு. ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் லிப்ட்டுல மாட்டிக்கிட்டிருக்க முடியும்?"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

குணமானதை எப்படி நிரூபிப்பது? அதற்குத்தான் மறுப்பு விழா. மேடையில் ஒரு மேஜை, மேஜையில் ஒரு தட்டு, தட்டில் பொடி, மேலே நீலத்துணி. சிறப்பு விருந்தினர் முன்னிலையில் துணி விலக்கப்படும். குணமானவர் தட்டைத் தள்ளிவிட வேண்டும். தள்ளினால் வீடு.

தள்ளுவது அவ்வளவு எளிதல்ல. அதைக் கற்றுக்கொடுக்க ஒரு மாஸ்டர் இருந்தார். பழைய நாளில் கைதிகளுக்கு டிரில் எடுத்தவர். பொடி விஷயத்தில் அவருக்கு அனுபவம் கிடையாது, டீகூடக் குடிக்க மாட்டார். ஆனால் எதையும் நாலு எண்ணிக்கைக்குள் அடக்கிவிடுவார்.

"ஒண்ணு, பார்! ரெண்டு, அருவருப்பு! மூணு, இடது கையால தள்ளு! நாலு, தாடையைத் தூக்கு! இடது கைய்யா, இடது கை! வலது கை வாங்குறதுக்கு. அது நீட்டினாலே ஆசைன்னு அர்த்தம்."

பயிற்சிக்கு மைதா வைத்தார்கள். மெக்கானிக் மாதக்கணக்கில் மைதாவை மறுத்தார்.

"அருவருப்பு பத்தல," என்று மாஸ்டர் சலித்துக்கொள்வார். "சாப்பாட்டுல தலைமுடி கிடந்தா உன் மூஞ்சி எப்படிப் போகும்?"

"எடுத்துப் போட்டுட்டுச் சாப்பிடுவேன் சார்."

"அதான்யா உன் வியாதி!"

பக்கத்து ஓய்வறைக்காரர் ஒருவர் பயிற்சியில் கெட்டிக்காரர். விழாவுக்கு முந்தைய தேர்வு நாளில் துணியை விலக்கியதும் மைதா மூக்கில் ஏறித் தும்மிவிட்டார். தும்மும்போது தலை முன்னால் போகும், போய்த்தானே தீரும். 'நோயாளியின் மூக்கு தட்டை நோக்கி விரைந்தது' என்று தீர்ப்பாகி, அவருக்குச் சிகிச்சையை முதலிலிருந்து தொடங்கினார்கள். அன்றிலிருந்து அவருக்குத் தும்மல் என்றே பெயர். இப்போது அவருக்குத் தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணால் அழுவார்.

ஒருவழியாக மெக்கானிக்குக்கு அருவருப்பு கைவந்தது. மனதுக்குள் இயக்குநரை நினைத்துக்கொண்டார். மாஸ்டர் பூரித்துப் போனார்.

அவர் முறை வருவதற்கு முந்தைய விழாவில்தான் வினை வந்தது. மேடையில் ஒரு மேஜைவிசிறி. நீலத்துணியை விலக்கியதும் அது தன் கடமையைச் செய்தது. தட்டிலிருந்த அத்தனையும் பறந்து சிறப்பு விருந்தினர் முகத்தில் அப்பியது. அவர் உதட்டை நக்கினார். யோசித்தார். மறுபடி நக்கினார். அவர் சட்டையில் மைக் மாட்டியிருந்தது.

"இது மைதா இல்லையா?" என்று மண்டபம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் பத்திரிகைகள் 'மைதாவிலிருந்து மீண்டவர்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டன. மேலிடம் சீறியது. இனிமேல் மறுக்கப்படும் பொடி அசலாகவே இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. புதுச் சட்டப்படி பொடி வாங்கும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே இருந்ததால் அதில் சிக்கல் இல்லை. வாங்கினார்கள். ஊரில் பொடியை ஒழிக்கப் பிறந்த நிறுவனத்தின் கிடங்கில், ஊரிலேயே அதிகமான பொடி வந்து இறங்கியது.

அசல் என்று யார் சான்று கொடுப்பது? ஆய்வுக்கூடம் தண்டனைப் பிரிவைச் சேர்ந்தது. 'பிடிபட்ட பொடியைத்தான் சோதிப்போம். வாங்கிய பொடியைச் சோதிக்க விதி இல்லை' என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

இயக்குநர் யோசித்தார். வலப்பக்கம் திரும்பிக் கிடங்குக்காரரைக் கூப்பிட்டு, "ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தைக் கடந்து அந்தப் பக்கம் போங்கள்," என்றார். கிடங்குக்காரர் போனார். கிறீச். இடப்பக்கம் திரும்பி, "பிடியுங்கள் அவனை," என்றார். பிடித்தார்கள். பொடி இப்போது பிடிபட்ட பொடிதான். ஆனால் பிடிபட்டது வழக்குச் சொத்து. வழக்கு முடியும்வரை பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்று ஆய்வுக்கூடம் மறுபடி கையை விரித்தது.

கிடங்குக்காரர் மெக்கானிக்கின் ஓய்வறைக்கே வந்து சேர்ந்தார்.

"சார்தான் கொண்டுபோகச் சொன்னாரு," என்றார், வந்தவுடன். கொஞ்ச நேரம் கழித்து, "சார்தான் பிடிக்கவும் சொன்னாரு," என்றார். அதற்குப் பிறகு அவர் வேறு எதுவும் பேசவில்லை. சுவரைப் பார்த்தபடி இந்த இரண்டு வாக்கியத்தையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சோற்றுத் தட்டை நீட்டினாலும் அதையேதான் சொன்னார். மெக்கானிக் தட்டை அவர் பக்கத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்.

விழா நாள் காலை, மெக்கானிக்கை இயக்குநர் அறைக்கு அழைத்துப் போனார்கள். சலவைச் சட்டை கொடுத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, கேட்டருகே, வேன் உறுமிக்கொண்டு நின்றது. அதன் அதிர்வில் இயக்குநரின் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் கிணுகிணுத்தது. மனைவி மண்டபத்துக்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று வரும் வழியில் காவலர் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம். தட்டைத் தள்ள வேண்டியது, வேனில் ஏற வேண்டியது.

அறையில் இயக்குநர், நிறுவனத்து டாக்டர், மாஸ்டர். மேஜையில் நீலத்துணி போர்த்த தட்டு.

"உட்காருங்கள் அன்பரே. இன்று நீங்கள் குணமாகப் போகிறீர்கள்," என்றார் இயக்குநர். "அதற்கு முன் ஒரு சின்னச் சடங்கு." துணியை விலக்கினார். "இது அசல்தானா என்று சொல்லுங்கள்."

மெக்கானிக் ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அசல்தாங்க."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"பார்த்தாலே தெரியுதேங்க."

இயக்குநரும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பார்த்தாலே தெரிகிறதென்றால் நோய் இன்னும் கண்ணில் இருக்கிறது, இல்லையா டாக்டர்?"

"முற்றிய நிலைங்க," என்றார் டாக்டர்.

மெக்கானிக் பதறிப்போனார். "இல்லங்க, தப்பாச் சொல்லிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. சுத்தமா மறந்துபோச்சு."

"மிக்க மகிழ்ச்சி. தெரியாததைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, சுவைத்துப் பார்ப்பது."

டம்ளர் மட்டும் கிணுகிணுத்தது.

"ஐயா... இதைத் தொடாம இருக்கத்தானே என்னை இங்க வெச்சிருக்கீங்க?"

"அது விழாவில். இப்போது இன்னும் விழா தொடங்கவில்லை."

மெக்கானிக் எழுந்து நின்றார். மாஸ்டரைப் பார்த்தார். பார், அருவருப்பு, இடது கை, தாடை. நாலையும் பிசகில்லாமல் செய்தார். மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது.

"அற்புதம்," என்றார் இயக்குநர். "ஆனால் யார் பார்த்தார்கள்? சபை இல்லாத இடத்தில் மறுத்தால் அது மறுப்பு ஆகாது, கீழ்ப்படியாமை. கீழ்ப்படியாமை என் பொறுப்பில் வராது." கிறீச். புருவம் நெரிந்தது. "இப்போது வருகிறது."

மெக்கானிக் உட்கார்ந்தார். கிறீச். புன்னகை திரும்ப வந்தது.

"அன்பரே, என் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். போதையைப் பற்றி ஊர் ஊராகப் பேசியிருக்கிறேன். அதை இன்றைக்கு முன் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. டாக்டரைக் கேளுங்கள், அவருக்கும் தெரியாது. மாஸ்டர் டீகூடக் குடிப்பதில்லை. இந்த நிறுவனத்தில் இதைப் பற்றி எதுவும் அறியாத தூய உள்ளங்களைத்தான் வேலைக்கு வைத்திருக்கிறோம். அதுதான் எங்கள் பெருமை. ஆகவே, அறிந்தவர் என்று இந்த அறையில் இருப்பவர் நீங்கள் மட்டும்தான். உங்களை நாங்கள் நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்? ஒரே ஒரு விரல்நுனி."

"ஒரு விரல்நுனியிலதாங்க நான் ஆரம்பிச்சேன்."

"அப்போது நீங்கள் சட்டவிரோதமாக ஆரம்பித்தீர்கள்."

டாக்டர் தொண்டையைச் செருமினார். "விழா முடிஞ்சதும் ரத்தப் பரிசோதனை இருக்குங்க."

"அது முடிந்த பிறகுதானே? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்."

"நான் சுவைக்கலைன்னா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"சான்று இல்லை. சான்று இல்லையென்றால் விழா இல்லை. சிறப்பு விருந்தினர் அடுத்து எப்போது ஒழிவாரோ தெரியாது. உங்கள் துணைவியார் காத்திருப்பார். காத்திருக்கக்கூடிய பெண்மணி என்றுதான் கேள்விப்பட்டேன்."

வெளியே ஹாரன் அடித்தது. சின்னக் கை அழுத்தும் ஹாரன். விட்டுவிட்டு, விளையாட்டாக அடித்தது.

சுவைக்காவிட்டால் சுத்தமாக இருக்கலாம், வீட்டுக்குப் போக முடியாது. சுவைத்தால் வீட்டுக்குப் போகலாம், சுத்தமாகப் போக முடியாது. லிப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரியும். முதலில் மணியை அழுத்துவார்கள். அப்புறம் கத்துவார்கள். அப்புறம் கதவு எந்தப் பக்கம் திறந்தாலும் குதித்துவிடுவார்கள்.

இன்று ஒருநாள்தானே. வீட்டுக்குப் போய்விட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விரல்நுனியை நாக்கில் வைத்தார்.

நாக்கு மறந்திருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். நாக்கு எதையும் மறப்பதில்லை. வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறது, அவ்வளவுதான். தெருமுனையில் நின்றிருந்த பழைய கூட்டாளி ஓடிவந்து தோளில் கைபோட்டதுபோல் இருந்தது. முதுகில் இத்தனை நாளாக ஒரு வலி இருந்ததே அது போனபோதுதான் தெரிந்தது.

"அசல்," என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

மூன்று பேரும் கை தட்டினார்கள்.

மண்டபம் நிறைந்திருந்தது. சிறப்பு விருந்தினர், இந்த முறை விசிறிக்கு எட்டாத தூரத்தில் உட்கார்ந்து, பேசினார்.

"இந்த நிறுவனத்தை என் தகப்பனார் சிறைச்சாலையாகத் திறந்து வைத்தார். நான் மறுவாழ்வு இல்லமாகத் திறந்து வைத்தேன். என் மகன் எதுவாகத் திறக்கப் போகிறானோ, அது உங்கள் கையில் இருக்கிறது! நோயாளிகள் பெருகப் பெருக இந்த இல்லம் வளரும். இல்லம் வளர வளர மறுவாழ்வு மலரும். இந்த வளர்ச்சியை எந்தச் சக்தியாலும் தடுக்க முடியாது!"

நீலத்துணி விலகியது.

"ஒண்ணு," என்றார் மாஸ்டர், உதட்டுக்குள்.

மெக்கானிக் பார்த்தார். பார்த்ததை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. ரெண்டு வந்தது, அருவருப்பு வரவில்லை. இயக்குநரை நினைத்துப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. மூணு வந்தது. இடது கை தொங்கியபடியே கிடந்தது. வலது கை தானாக நகர்ந்தது.

இடது கையால் வலது கையைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனி வழியாக மேஜையில் சொட்டியது. பல் கிட்டித்துக்கொண்டது. கூட்டம் நெளிந்தது. யாரோ இருமினார்கள். சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். மாஸ்டர் நாலு எண்ணி முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

கடைசியில் மெக்கானிக் கண்ணை இறுக மூடி, குனிந்து, முழங்கையாலோ தோளாலோ எதனாலோ மேஜையை மோதினார். தட்டு எகிறி விழுந்து உருண்டது. மேடையெல்லாம் வெள்ளை. அவர் முகத்தை அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, சாக்கடையில் விழுந்த ஆளை வெளியே இழுத்துப் போட்டவர்போல், மூச்சிரைக்க நின்றார்.

அந்த மண்டபத்தில் அதுவரை எத்தனையோ விழா நடந்திருந்தது. யாரும் எதையாவது உண்மையாகவே மறுத்தது அன்றுதான்.

கைதட்டல் எழவில்லை. கைதட்டலுக்கு மாஸ்டர் சைகை காட்ட வேண்டும். மாஸ்டர் தலையில் கைவைத்து நின்றார். கடைசி வரிசையில் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது. அதுவும் பாதியில் நின்றுவிட்டது. அவர் கண்ணைத் திறந்துவிட்டார்; அதில் பொடி ஏறியிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"இடது கை பயன்படுத்தல. தாடை கீழ," என்று மாஸ்டர் தழுதழுத்தார். "என்னய்யா பண்ணிட்ட? காலையில எவ்வளவு அழகாச் செஞ்ச!"

"அரசுச் சொத்தைக் கொட்டியிருக்கிறார்," என்றார் இயக்குநர்.

டாக்டர் ரத்தம் எடுத்தார். முடிவு வர நேரம் ஆகவில்லை. இயக்குநர் மைக்கைப் பிடித்தார். குரல் கம்மியது. "அன்பர்களே, சொல்லவே நா கூசுகிறது. இவர் ரத்தத்தில் பொடி இருக்கிறது. எங்கள் கண் முன்னாலேயே, இன்று காலையிலேயே, மறுபடியும் விழுந்திருக்கிறார். இந்த நோய் எவ்வளவு கொடியது பாருங்கள்!"

மனைவி மேடைப்படிக்கு வந்துவிட்டாள்.

"நாக்குல வெச்சீங்களா?"

"வெச்சாங்கம்மா."

"வெச்சாங்களா, வெச்சீங்களா?"

அவர் தலை தொங்கிப் போனது. "வெச்சேன்."

"வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்னு சொன்னேன்."

"சொன்னே."

"அப்புறம் எதுக்குத் தட்டைத் தள்ளினீங்க? வெச்சதுதான் வெச்சாச்சு, இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டிருக்க வேண்டியதுதானே?"

அவர் வலது மணிக்கட்டை இடது கை இன்னும் விடாமல் பிடித்திருந்தது. நகம் பதிந்த இடத்தில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்துத் திரும்பினாள்.

"யோவ், நீங்கல்லாம் கண்ணு தெரிஞ்ச ஜென்மங்கதானே? அந்த மனுஷன் தள்ளினாருய்யா! உசிரைக் கொடுத்துத் தள்ளினாரு! நான் பார்த்தேன்!"

"அம்மா," என்றார் இயக்குநர் பரிவோடு, "குடும்பத்தார் பாதிக்கப்பட்டவர்கள். பாதிக்கப்பட்டவர்கள் கண்ணால் காண்பது செல்லாது."

இரண்டு வெள்ளைக் கோட்டுக்காரர்கள் அவளை நெருங்கினார்கள். வசதிக்காகக் கோட்டைக் கழற்றிவிட்டுத்தான் நெருங்கினார்கள்.

"நான் வண்டியைத் திருப்ப மாட்டேங்க," என்று வாசலைத் தாண்டும்போது கத்தினாள். "கேட்டுலயே நிப்பேன். கேக்குதா? இன்ஜினை நிறுத்தவே மாட்டேன்!"

மெக்கானிக்கை என்ன செய்வது என்பதில் இரண்டு பிரிவும் மோதிக்கொண்டன. சொத்தைக் கொட்டியதற்குத் தண்டிக்க வேண்டும் என்றது இடப்பக்கம். விழுந்தவரைத் தூக்கிவிட வேண்டும் என்றது வலப்பக்கம். அன்று பிற்பகல் முழுக்க நாற்காலி கிறீச்சிட்டபடியே இருந்தது. அதற்குள் வேறு ஊர்க் கிளைகளிலிருந்தும் கோரிக்கை வந்துவிட்டது. எல்லா விழாவுக்கும் இனி அசல் பொடிதான். எல்லாவற்றுக்கும் சான்று வேண்டும். சான்று சொல்ல நாடு முழுக்கத் தேறியவர் ஒருவர்தான்.

இயக்குநர் நாற்காலியைச் சரியாக நடுவில் நிறுத்தினார். அந்த நாற்காலி நடுவில் நின்றதை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. புருவம் நெரிந்தும் உதடு சிரித்தும் இருந்தது.

"வாழ்த்துக்கள் அன்பரே. உங்களுக்கு நிரந்தர வேலை. அசல் சான்றாளர். இதைத் தண்டனை என்பவர்கள் தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாம், மறுவாழ்வு என்பவர்கள் மறுவாழ்வு என்று எடுத்துக்கொள்ளலாம். உத்தியோகம் கிடைத்தவரை வெளியே அனுப்ப வேண்டியதில்லை. எல்லோருக்கும் நிம்மதி."

இயக்குநர் அறையிலேயே ஒரு மூலையில் மேஜை போட்டார்கள். பெயர்ப்பலகை வைத்தார்கள். பூட்டுக்கும் கடைசியில் ஒரு சொல் கிடைத்துவிட்டது: பணிப் பாதுகாப்பு.

முதல் தட்டு வந்தது. காவலர் நீலத்துணியை விலக்கினார்.

மெக்கானிக் பார்த்தார். முகம் சுளித்தது. இடது கை எழுந்தது, சீராக, நேர்க்கோட்டில். தட்டை மேஜையின் விளிம்புவரை தள்ளி நிறுத்தியது. தாடை நிமிர்ந்தது. ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

கதவருகே நின்ற மாஸ்டர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். "அடடா! இதை அன்னிக்கே செஞ்சிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாமேய்யா!"

காவலர் தட்டை எடுத்துப் பழையபடி அவர் முன்னால் வைத்தார். அவர் தள்ளினார். காவலர் வைத்தார். கோபமோ அவசரமோ இல்லை. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது.

கேட்டுப் பக்கத்திலிருந்து ஹாரன் சத்தம் வந்தது. இந்தத் தடவை விளையாட்டாக இல்லை. விடாமல் அடித்தது.

"வேலை நேரத்தில் என்ன தொந்தரவு இது," என்றார் இயக்குநர். "அந்த ஜன்னலைச் சாத்துங்கள்."

சாத்தினார்கள். ஹாரன் நின்றுவிட்டது, அல்லது கேட்கவில்லை. ஆனால் மேஜைமேல் ஊன்றியிருந்த இடது கையில் மெக்கானிக்குக்கு இன்னும் ஒரு அதிர்வு தெரிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் தட்டிலிருந்த வெள்ளைப் பொடி, மெல்ல மெல்ல, அவர் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.